ஊர்ப் பணமும் கிரிப்டோவும்: அரசலாற்றங்கரை இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களே, தங்கையரே,

வணக்கம். அரசலாற்றுப் பாசனக் கிராமங்களின் இளைஞர் மன்றங்கள் ஒன்றுகூடி வெளியிட்ட வேண்டுகோளை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். தலைக்கட்டு வரி, குளத்து மீன் குத்தகை, திருவிழா வசூல் என்று ஊருக்குப் பொதுவாக வரும் பணத்தின் வரவு செலவை இனிமேல் பிளாக்செயின் என்ற, பல கணினிகளில் ஒருசேரப் பதிவாகிப் பின்னர் எளிதில் திருத்த முடியாத பேரேட்டில் எழுத வேண்டும் என்றும், கையிருப்பில் ஒரு பங்கை, அத்தகைய பேரேட்டில் மட்டுமே இருக்கும் கிரிப்டோ நாணயங்களாக வாங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் காட்டும் காரணம்தான் என்னை எழுத வைத்தது. மனிதர் கையில் கணக்கு இருக்கும் வரை பேராசைக்கு இடம் இருக்கும், கணக்கைக் கணினி வலையமைப்பிடம் ஒப்படைத்துவிட்டால் அந்த இடம் அடைபட்டு, நாளடைவில் மனிதரின் நடத்தையே மாறிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து, பணிக்காலம் முழுவதும் பேரேட்டோடு வாழ்ந்தவன் என்ற முறையில், இந்த நம்பிக்கையை நான் ஏன் ஏற்கவில்லை என்பதை ஊரார் அனைவரும் படிக்கும்படி சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊர்க் கணக்கைப் பொதுவில் படித்துக் காட்டும் வழக்கம் பல கிராமங்களில் அற்றுப் போய்விட்டது. கேட்டவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்குகிறார்கள். அரசையும் வங்கியையும் மட்டுமே நம்பி இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பதற்கும் அடிப்படை உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, சம்பாப் பயிருக்கு உரமும் களையெடுப்புக் கூலியும் தேவைப்பட்ட நேரம் அது. ஒரு வாரத்துக்குள், நவம்பர் 14 அன்று, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கூட்டுறவை நம்பியிருந்த உழவர்களின் பணம் அவர்கள் கையிலேயே முடங்கியது. மேலிருந்து வரும் ஒரே உத்தரவில் நம் பணத்தின் மதிப்பு ஆட்டம் காணக் கூடாது என்று ஓர் இளைஞர் நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிரிப்டோ நாணயங்களில் முதலாவதான பிட்காயினும் அத்தகைய கோபத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி 2008 செப்டம்பரில் திவாலாகி ஆறு வாரங்கள் கழிந்திருந்த வேளையில், அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் தொகுப்பில், அதாவது அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தில், வங்கிகளுக்கு இரண்டாம் முறையாக மீட்பு நிதி கொடுக்கவிருப்பது பற்றிய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையை நீங்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். வலையமைப்பைக் காப்பவர்களுக்கு ஏன் ஊதியம் தர வேண்டும் என்று விளக்கும் பகுதியில், பேராசை கொண்ட தாக்குதல்காரன் ஒருவனை ஆசிரியரே முன்னிறுத்துகிறார். நேர்மையாளர் அனைவரிடமும் இருப்பதைவிட அதிகமான கணினி ஆற்றல் அவனிடம் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, அந்த ஆற்றலைத் திருட்டுக்குச் செலவிடுவதைவிட விதிப்படி நடந்து புதிய நாணயங்களை ஈட்டுவதுதான் அவனுக்குக் கூடுதல் லாபம் தரும் என்று விடை சொல்கிறார்.

இந்த விடையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பேராசைக்காரன் திருந்துவான் என்று பிட்காயினை உருவாக்கியவர் எங்கும் சொல்லவில்லை. அவன் பேராசைக்காரனாகவே இருப்பான் என்று வைத்துக்கொண்டு, அந்த ஆசையையே காவலுக்கு நிறுத்தும்படி விதிகளை அமைத்தார். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு ஓடுவதே ஆசையால்தான். வலையமைப்பைக் காக்கும், சுரங்கக்காரர் என்று அழைக்கப்படுவோர் ஊதியத்துக்காகத்தான் மின்சாரத்தையும் இயந்திரத்தையும் செலவிடுகிறார்கள். ஒரு தொகுப்புக்கு 50 நாணயங்கள் என்று தொடங்கிய அந்த ஊதியம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. ஊதியம் அடியோடு நின்றால், அதன் இடத்தில் பரிமாற்றக் கட்டணமாவது வராவிட்டால், காவலும் நின்றுவிடும். மனிதரின் ஆசையை எரிபொருளாகக் கொண்ட ஒன்றிடம் அந்த ஆசையை அணைத்துத் தரும்படி கேட்பது அதை உருவாக்கியவரே கொடுக்காத வாக்குறுதியைக் கேட்பதாகும்.

மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வெளியாகாது என்ற வரம்பை நீங்கள் ஒழுக்கத்தின் அடையாளமாகக் காட்டுகிறீர்கள். அரசு விருப்பம்போல் பணம் அச்சிடுவதற்கு அது ஒரு கடிவாளம் என்பது சரிதான். அந்த வரம்பு சாதாரண மனிதரிடம் எந்த நடத்தையை வளர்த்தது என்பதையும் பார்க்க வேண்டும். விலை ஏறப்போகிறது என்று தெரிந்த நெல்லை எவரும் களத்திலேயே அளந்து விற்றுவிடுவதில்லை. அதுபோல, நாளை ஏறும் என்று நம்பும் நாணயத்தைக் கொடுத்து இன்று யாரும் பால் வாங்குவதில்லை. வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள், அல்லது ஏற்ற இறக்கத்தில் விளையாடுகிறார்கள். 2017 டிசம்பரில் ஏறத்தாழ 20,000 டாலரைத் தொட்ட பிட்காயின் அடுத்த ஆண்டு இறுதியில் 4,000 டாலருக்கும் கீழே கிடந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை சென்று, ஓராண்டுக்குள் 16,000 அளவுக்கு விழுந்து, 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைக் கடந்தது. எல் சால்வடோர் அரசு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, அரசின் செயலியைப் பதிவிறக்கிய ஒவ்வொருவருக்கும் 30 டாலர் கொடுத்தது. அந்த 30 டாலரைச் செலவழித்த பிறகு பெரும்பாலோர் செயலியைத் திறக்கவே இல்லை என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. 2025 ஜனவரியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர்கள் அதை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஒரு நாடே முயன்றும் மக்களின் பழக்கம் அந்த வழியில் மாறவில்லை.

இனி நம்பிக்கைத் துரோகங்களைப் பார்ப்போம். பிளாக்செயினில் எழுதிய பழைய பதிவைத் திருத்தித் திருடுவது மிகக் கடினம் என்பதை மறுக்க மாட்டேன். நடந்த பெருந்திருட்டுகளில் பலவும் அந்தப் பதிவைத் தொடாமலேயே நடந்தவை என்பதுதான் நான் சொல்ல வருவது. கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை 2014 பிப்ரவரியில் மூடப்பட்டபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றார்கள். அவற்றில் 2,00,000 பிறகு கிடைத்தன. கனடாவின் குவாட்ரிகா சந்தையை நடத்தியவர் 2018 டிசம்பரில் நம் நாட்டின் ஜெய்ப்பூரில் இறந்தார். கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும், நாணயங்கள் இருந்த கணினிப் பெட்டகங்களைத் திறக்க முடியவில்லை என்று சொல்லப்பட்டது. ஒண்டாரியோ பங்குப்பத்திர ஆணையம் விசாரித்து 2020-ல் வெளியிட்ட அறிக்கை வேறு கதையைச் சொன்னது: வாடிக்கையாளரின் பணத்தில் பெரும்பகுதியை அவர் உயிரோடு இருந்தபோதே பொய்க் கணக்குகள் வழியாக வணிகம் செய்து தொலைத்திருந்தார். 2022 நவம்பரில் சரிந்த எஃப்டிஎக்ஸ் சந்தையில் ஏறத்தாழ 800 கோடி டாலர் வாடிக்கையாளர் பணம் அதன் உரிமையாளருடைய மற்றொரு நிறுவனத்தின் வழியாகக் கரைந்தது. அவருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறர் பணத்தைத் தன் பணமாக எண்ணிய பழைய குற்றம்தான் பின்னிரண்டிலும் நடந்தது.

பதிவை யாராலும் மாற்ற முடியாது என்ற கூற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. 2016 ஜூனில் பிட்காயினைப் போன்ற மற்றொரு கிரிப்டோ வலையமைப்பான எதிரியத்தில் இயங்கிய ஒரு பொது நிதியிலிருந்து, அதன் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் சுமார் 36 லட்சம் ஈதர் நாணயங்களை எடுத்துவிட்டார். நிரலே சட்டம் என்று சொல்லிவந்த கூட்டம் அது. நிரல் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார் என்று வாதாடவும் இடம் இருந்தது. பெரும்பாலோர் என்ன செய்தார்கள் தெரியுமா? பல வாரங்கள் விவாதித்து, ஜூலை மாதம் அந்தத் திருட்டின் விளைவை நீக்கும்படி விதிகளையே மாற்றிக்கொண்டார்கள். உடன்படாதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்து, எதிரியம் கிளாசிக் என்ற பெயரில் பிரிந்து போனார்கள். எது நியாயம் என்று தீர்மானிக்க வேண்டிய நேரம் வந்தபோது மனிதர்கள்தான் கூடிப் பேச வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் அப்படியே. வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் திருடப்பட்ட பிறகு தம் நாணயங்கள் முடக்கப்பட்ட முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தைத்தான் நாடினார். கிரிப்டோ நாணயமும் சொத்துதான், பிறருக்காகப் பொறுப்பில் வைத்துக் காக்கத்தக்கதுதான் என்று 2025 அக்டோபரில் அந்த நீதிமன்றம் சொன்னது.

பேரேட்டில் எழுதியது அழியாது என்பதும், எழுதியது உண்மை என்பதும் வேறு வேறு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்துக் கோயிலின் நடராசர் திருமேனியைப் பற்றி உங்கள் பாட்டனார்கள் சொல்லியிருப்பார்கள். 1951-ல் பூமியிலிருந்து கிடைத்த அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனி பழுதுபார்க்க அனுப்பப்பட்டது. திரும்பி வந்ததோ ஒரு நகல். கோயிலின் சொத்துப் பதிவேட்டில் நடராசர் ஒருவர் என்ற வரி அப்படியே இருந்தது, பூசையும் நடந்தது, மூலத் திருமேனி கடல் கடந்து அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது. 1960-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பிறகே விவரம் உலகுக்குத் தெரிந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 1986-ல் மூலத் திருமேனி நாடு திரும்பியது. அந்தப் பதிவேடு பிளாக்செயினில் இருந்திருந்தாலும், அந்த ஒரு வரி எவராலும் அழிக்க முடியாதபடி நின்றிருக்குமே ஒழிய, நகலை மூலமாக்கியிருக்காது. திருமேனியை உற்றுப் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று தேவைப்பட்டது. என் துறையிலும் இதைக் கண்டோம். 2021-ல் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முனைந்தபோது நடந்த ஆய்வுகளில், கணக்கில் நகை இருந்தும் பையில் கவரிங் இருந்த சங்கங்கள் தெரியவந்தன. கணினிப் பதிவு சுத்தமாகத்தான் இருந்தது.

ஊர்க் கணக்கிலும் இதுதான் நடக்கும். குளத்து மீன் 40,000 ரூபாய்க்குக் குத்தகை போய், 25,000 என்று பதிவேற்றினால், உலகத்தின் எந்த வலையமைப்பும் அந்த 15,000 ரூபாயைக் கண்டுபிடிக்காது. ஏலம் நடந்த இடத்தில் நின்றவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

கையிருப்பில் ஒரு பங்கைக் கிரிப்டோவாக வாங்குவது பற்றி நான் இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும் தை, மாசி மாதங்களில் நம் ஊர்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பு நிதி நிறுவனம் என்று வந்தார்கள். அவற்றின் சரிவுகளுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் பிறந்தது. மேற்கு மாவட்டங்களில் ஈமு கோழி என்று வந்து 2012-ல் ஓடினார்கள். பிறகு நாணயத்தின் பெயரைச் சொல்லி வந்தார்கள். கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்களுக்கு வருவாய் தருவதாகச் சொல்லி இந்தியா முழுவதும் ஆள் சேர்த்தது. அதை நடத்தியவர் 2018-ல் கைதானார். ஒன்காயின் என்ற திட்டத்துக்கு உண்மையான பிளாக்செயினே இல்லை. அதன் தலைவி ரூஜா இக்னட்டோவா 2017 அக்டோபரில் தலைமறைவானவர் இன்றுவரை அகப்படவில்லை. இந்த மோசடிகளுக்குப் பிட்காயினின் கணிதத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் புதிய நாணயம் மனிதரை மாற்றியிருந்தால், பழைய வலையில் அதே மீன்கள் விழுந்திருக்கக் கூடாது அல்லவா? விதைநெல்லுக்கு எடுத்து வைத்த பணத்தை, அதிலும் பெண்கள் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிய பணத்தை இத்தகைய திட்டங்களில் போட்டுவிட்டு, வெளியில் சொல்லவும் முடியாமல் இருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன. அவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நேர்மையான சந்தையில் வாங்கினாலும் ஊர்ப் பணத்துக்கு அது இடமில்லை. லாபத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு, நட்டத்தை வேறு எந்த வருவாயோடும் கழித்துக்கொள்ள முடியாது, விற்கும்போது ஒரு விழுக்காடு பிடித்தம் உண்டு. 2022 முதல் சட்டம் இப்படி இருக்கிறது. வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு எதுவும் இல்லை. தேர் ஓட வேண்டிய ஆண்டில் விலை பாதியாகி நின்றால், தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு யார் பதில் சொல்வது? சொந்தச் சம்பாத்தியத்தில், இழந்தாலும் தாங்கக்கூடிய அளவுக்கு ஒருவர் வாங்குவது அவர் விருப்பம். நாணய மதிப்பு தரைமட்டமான நாடுகளில் இது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது என்பதையும் அறிவேன்.

அப்படியானால் மனிதரின் நடத்தை எதனாலும் மாறாதா என்று கேட்பீர்கள். மாறும், நம் மண்ணிலேயே மாறியிருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் முறிந்தபோது தென்னாட்டு மக்கள் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளியின் ஊக வணிகத்தில் அவர்கள் பணம் கரைந்திருந்தது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். நம் திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் அதோடு விடவில்லை. இந்நாட்டார் பங்கு போட்டு, இந்நாட்டாரே மேற்பார்க்கும் வங்கி வேண்டும் என்று முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியது. பேராசை அன்றும் அழியவில்லை. கேள்வி கேட்கும் உரிமையும் கணக்குப் பார்க்கும் கடமையும் பணம் போட்டவர்களின் பக்கத்துக்கு வந்தன.

வாய்க்கால் தண்ணீரிலும் இதைக் காணலாம். மேட்டூரில் நீர் குறைந்து முறைப்பாசனம் வைக்கும் ஆண்டுகளில், தம் முறை முடிந்ததும் மேல்மடைக்காரர் மடையை அடைக்கிறார். அவருக்குத் தண்ணீர் மீது ஆசை இல்லாமல் போனதால் அடைப்பதில்லை. கடைமடைக்காரர் மண்வெட்டியோடு இரவில் கரைமேல் நடந்து வருகிறார் என்பதும், நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதும், ஊரில் கேள்வி வரும் என்பதும் தெரிந்துதான் அடைக்கிறார். பல ஆண்டுகள் இப்படி நடந்த வாய்க்கால்களில் அதுவே பழக்கமாகி, காவல் இல்லாத இரவிலும் மடை அடைபடுகிறது. காவலை விட்டுவிட்ட வாய்க்கால்களில் கடைமடை காய்கிறது. பூட்டுப் போட்ட ஷட்டர்களையும் வைத்துப் பார்த்துவிட்டோம். கரையில் நடக்க ஆள் இல்லாத இடத்தில் பூட்டை உடைக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வேண்டுகோளின் முதல் பாதியை நான் மனமார ஆதரிக்கிறேன். ஊர்க் கணக்கு எல்லோரும் எப்போதும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதற்கு நாணயம் எதுவும் தேவையில்லை; வரவும் செலவும் ரசீதின் படத்தோடு அன்றன்றே ஏறும் ஒரு பொதுப் பக்கமும், மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டும் தாளும் போதும். கிரிப்டோ உலகிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஐவரில் மூவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் நகராது என்ற ஏற்பாடு அது. வங்கிக் கணக்கிலேயே கூட்டுக் கையொப்பமாக அதை வைத்துக்கொள்ளலாம். ஐவரில் இருவர் பெண்களாகவும் ஒருவர் கடைசித் தெருவிலிருந்தும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அங்கும் கவனம் வேண்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தையிலிருந்து 150 கோடி டாலர் திருடப்பட்டது இப்படிப் பலர் கையொப்பமிடும் பெட்டகத்திலிருந்துதான். திரையில் காட்டியதை நம்பி, உண்மையில் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று தெரியாமலேயே ஒப்புதல் தந்துவிட்டார்கள். செலவுச் சீட்டைப் படிக்காமல் கையொப்பமிடும் ஐந்து பேர் ஒருவருக்குச் சமம்.

கையிருப்பைக் கிரிப்டோவாக மாற்றும் தீர்மானத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, ஆடிப்பெருக்குக்கு முன் கூடவிருக்கும் பொதுக்கூட்டத்தில், கடந்த மூன்று ஆண்டுகளின் மீன் குத்தகைக் கணக்கை ஏலத்தில் நின்றவர்கள் முன்னிலையில் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள். அதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள்; அவர்களில் என் வயதுக்காரர்களும் என் உறவினர்களும் இருப்பார்கள். நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பழக்கமில்லாத பேரேட்டுச் சொற்களை விளக்கித் தருகிறேன். பொதுப் பக்கத்தை எப்படி அமைப்பது என்று நீங்கள் எனக்குக் கற்றுக் கொடுங்கள்.

அன்புடன்,
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் ஓய்வுபெற்ற செயலாளர்,
கும்பகோணம் வட்டம்